சென்னையில் 'விவரம் தெரியாதவர்', கோபன்ஹேகனில் 'தொல்லை': எது சரியான தலைமை?

நீங்கள் எழுதியதை மற்றவர்களுக்காகச் சுருக்கிவிடுகிறேன். நீங்கள் தேவகோட்டையில் பிறந்தவர், மென்பொருள் நிறுவனமொன்றில் குழுத் தலைவர். உங்கள் பொறுப்பில் கோபன்ஹேகனில் ஆறு பேர், சென்னையில் பதினொரு பேர். வேலையைப் படிப்படியாகச் சொன்னால் டென்மார்க்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள், 'எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா' என்று நேராகவே கேட்கிறார்கள். 'நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்க' என்று சென்னையில் சொன்னால், 'அண்ணனுக்கே விவரம் தெரியலை போல' என்று பின்னால் பேச்சு வருகிறது. நல்ல தலைவர் எங்கே போனாலும் நல்ல தலைவர்தானே, கலாச்சாரம் என்பது வேலை தெரியாதவர்கள் சொல்லும் சாக்குதானா என்பது உங்கள் கேள்வி.

சாக்கு இல்லை. ஆனால் பயிற்சி வகுப்புகளில் சொல்வதுபோல 'இந்தியர்களுக்கு அதிகாரம் பிடிக்கும், ஐரோப்பியர்களுக்குச் சமத்துவம் பிடிக்கும்' என்ற கதையும் இல்லை. நான் காரைக்குடிக்காரன். இருபது வருஷத்துக்கு மேல் மேலாண்மைப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். அதைவிட முக்கியம், என் அப்பா ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளை. சின்ன வயதில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் அந்த வீட்டிலேயே பாதிப் பொழுது கிடப்பேன். பின்னால் புத்தகத்தில் படித்த பல விஷயங்களை அங்கே முன்பே பார்த்திருக்கிறேன், பெயர்தான் தெரியாது.

முதலில் ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். நெதர்லாந்துக்காரரான ஹேர்ட் ஹாஃப்ஸ்டெட், ஐபிஎம் நிறுவனத்தின் பல நாட்டுக் கிளைகளில் 1967 முதல் 1973 வரை ஊழியர்களிடம் வாங்கிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வினாத்தாள்களை அலசி, 1980-ல் முடிவுகளை வெளியிட்டார். அதில் 'அதிகார இடைவெளி' என்று ஓர் அளவு. மேலே இருப்பவருக்குக் கூடுதல் அதிகாரம் இருப்பதைக் கீழே இருப்பவர்கள் எவ்வளவு தூரம் இயல்பாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைக் காட்டும் எண் அது. டென்மார்க்குக்கு 18, இந்தியாவுக்கு 77, பின்னால் பட்டியலில் சேர்ந்த மலேசியாவுக்கு 104. உங்கள் இரண்டு குழுவுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம் இந்த எண்ணிலேயே தெரிகிறது.

மலேசிய எண் சரிதான் என்று எனக்கு ஈப்போவில் புரிந்தது. ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர்களுக்கு வகுப்பெடுக்கப் போயிருந்தேன். 'உங்கள் மேலாளரிடம் எதை மாற்றச் சொல்வீர்கள்' என்று மேலாளர் உட்கார்ந்திருக்கும்போதே கேட்டுத் தொலைத்தேன். இருபது பேரும் சுவரைப் பார்த்தார்கள். தேநீர் இடைவேளையில் மூன்று பேர் தனித்தனியாக வந்து, ஆளுக்குக் கால் மணி நேரம் கொட்டித் தீர்த்தார்கள். கருத்து இல்லாமல் இல்லை. அதைச் சொல்ல வேண்டிய இடம் அது இல்லை, அவ்வளவுதான். இப்படிக் கேட்ட என்னைத்தான் நாகரிகம் தெரியாதவன் என்று நினைத்திருப்பார்கள்.

ஆனால் ஹாஃப்ஸ்டெட்டின் எண்ணைப் பிடித்துக்கொண்டு ஊரை அளக்கக் கூடாது. ஒரே நிறுவனத்து ஆட்களை வைத்து நாட்டையே எடை போட்ட கணக்கு அது. நம் ஊரில் பத்து மைலுக்குள் மூன்று விதமான தலைமை இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமான வேலை, ராபர்ட் ஹவுஸ் தொடங்கிய 'குளோப்' ஆய்வு. 62 சமூகங்கள், உணவுப் பதப்படுத்தல், நிதி, தொலைத்தொடர்பு ஆகிய துறைகளில் சுமார் 17,000 இடைநிலை மேலாளர்கள். 2004-ல் பெரிய தொகுதியாக வந்தது. சிறந்த தலைவருக்கு எந்தக் குணம் கைகொடுக்கும், எது கெடுக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். நம்பத்தகுந்தவர், நியாயமானவர், நேர்மையானவர், முன்கூட்டியே யோசிப்பவர், ஊக்கம் தருபவர் என்று 22 குணங்களுக்கு எல்லா இடத்திலும் கை தூக்கினார்கள். எரிந்து விழுபவர், இரக்கமில்லாதவர், தன்னிஷ்டத்துக்கு ஆட்டிவைப்பவர் என்று 8 குணங்களை எங்கேயும் யாரும் ஏற்கவில்லை. ஆக, 'நம்ம ஆட்களுக்குச் சர்வாதிகாரம்தான் லாயக்கு' என்று மேஜையைத் தட்டுகிறவர்களுக்கு இந்த ஆய்வில் இடமில்லை. மிச்சம் 35 குணங்கள் இருக்கின்றன. முன்னேறத் துடிப்பது, எச்சரிக்கையாக இருப்பது, துணிந்து இறங்குவது, தன்னைத் தாழ்த்திக்கொள்வது, சுற்றி வளைத்துப் பேசுவது, அந்தஸ்து பார்ப்பது என்று போகும் பட்டியல். இவை ஓர் இடத்தில் தலைவனை உயர்த்தும், இன்னோர் இடத்தில் கவிழ்க்கும்.

அப்படியானால் நேர்மை, நியாயம் எல்லாம் பொது என்று நிம்மதியாக இருந்துவிடலாமா? அங்கேதான் சிக்கல். ஒரு தலைவர் நல்லவர் என்பதை ஆட்கள் எதை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. குணம் ஒன்று, அடையாளம் வேறு. ஜப்பானின் மிசுமியும் பிரிட்டனின் பீட்டர் ஸ்மித்தும் சேர்ந்து 1989-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை அழகாகப் பிடித்தது. ஒரு தொழிலாளிக்கு வீட்டில் கஷ்டம். மேற்பார்வையாளர் அதை, அவர் இல்லாத நேரத்தில், கூட வேலை செய்பவர்களிடம் பேசுகிறார். ஜப்பானிலும் ஹாங்காங்கிலும் இதை அக்கறை என்று சொன்னார்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதுவே அக்கறையில்லாத செயல். 'ஆளை மதிக்கிற மேற்பார்வையாளர் வேண்டும்' என்பதில் நாலு நாட்டுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. காரைக்குடியில் கேட்டிருந்தால் 'அவர்கிட்ட எப்படி நேரா கேக்குறது, அதான் உங்ககிட்ட கேக்குறேன்' என்கிற வகையில் ஜப்பான் பக்கம் சேர்ந்திருப்போம் என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு நடப்பதும் இதுதான். இரண்டு குழுவுமே 'இவர் நம்மைக் கைவிட மாட்டார்' என்ற உறுதியைத்தான் தேடுகிறார்கள். கோபன்ஹேகனில் நீங்கள் விலகி நிற்பது அந்த உறுதியைத் தருகிறது. சென்னையில் பக்கத்தில் நிற்பது தருகிறது.

சரி, இப்போது ஊருக்கு வருகிறேன். நம் ஊரை 'அதிகார இடைவெளி கூடிய இடம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டால், கிட்டங்கியை எங்கே வைப்பது?

உங்கள் வயதுக்காரர்களில் பலருக்குக் கிட்டங்கி என்ற சொல்லே சிங்கப்பூர், பினாங்கு போகும்போதுதான் காதில் விழுகிறது. பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார்கள், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், கொடுக்கல் வாங்கல் நடத்திய நீளமான கூடம் அது. பல விலாசங்கள், அதாவது தனித்தனி முதலாளிகளின் கடைகள், ஒரே கூரைக்குக் கீழே. விலாசத்துக்கு ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேஜை, தரையில் உட்கார்ந்து எழுத்து. ராத்திரி அங்கேயே படுக்கை. முதலாளி இங்கே கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ இருப்பார். அங்கே இருப்பவர் மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். மூன்று வருஷக் கணக்கு. புறப்படும் முன் சம்பளச் சீட்டு எழுதுவார்கள். சம்பளத்தில் ஒரு பங்கு முன்பணம், கணக்கு முடித்துத் திரும்பும்போது லாபத்தில் பங்கு. குடும்பம் இங்கேதான், கூட்டிப்போக முடியாது.

கப்பலில் கடிதம் போய்ப் பதில் வர எத்தனை நாளாகும் என்று யோசித்துப் பாருங்கள். கடன் கேட்டு ஒருவன் பெட்டிக்கு முன்னால் நிற்கும்போது முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றால் பிழைப்பு நடக்காது. முடிவு முழுக்க மேலாள் கையில். இதைவிடப் பெரிய அதிகாரப் பகிர்வை இன்றைக்கு எந்த நிறுவனமும் செய்வதாகத் தெரியவில்லை. ஆனால் அதற்கு மறுபக்கம் இருக்கிறது. கணக்கு தவறாமல் ஊருக்கு வரவேண்டும், ஐந்தொகை என்கிற வரவு செலவு இருப்புக் கணக்கில் ஒரு காசு இடித்தாலும் விடமாட்டார்கள். மேலாளுக்கு அதிகாரம் தந்தது முதலாளியின் பெருந்தன்மை இல்லை. பத்துப் பன்னிரண்டு வயதில் பெட்டியடியாக உட்கார்ந்து, அடுத்தாளாகத் தேறி, பிறகுதான் மேலாள். சொந்தம், ஊர், கோவில் என்று மூன்று கண்ணிகள் அவரைப் பிடித்திருந்தன. அங்கே தவறு செய்தவருக்கு இங்கே பெண் கொடுக்க யோசிப்பார்கள்.

வட்டியைக்கூடத் தனி ஒருவர் வைக்கவில்லை. ரங்கூன் முகல் தெருக் கோவிலில் மாதம் ஒருமுறை கூடி, நடப்பு வட்டி இவ்வளவு என்று பேசி முடிவு செய்தார்கள். முருகன் சந்நிதியில் வட்டி விகிதம். ரிசர்வ் வங்கிக்காரர்கள் பொறாமைப்பட வேண்டிய ஏற்பாடு.

இதை ஒரேயடியாகப் புகழவும் எனக்கு மனமில்லை. அந்த நாணயம் யாருக்கு நாணயமாகத் தெரிந்தது? வட்டத்துக்கு உள்ளே இருந்தவர்களுக்கு. 1930-ல் கீழ் பர்மா விளைநிலத்தில் சுமார் 6 சதவீதம்தான் செட்டியார்கள் கையில் இருந்தது. உலக மந்தத்தில் நெல் விலை சரிந்து, கடன் திரும்பாமல், 1938-க்குள் அது 25 சதவீதம் ஆகிவிட்டது. நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கு ஐந்தொகையின் துல்லியத்தால் என்ன ஆறுதல்? குளோப் ஆய்வில் இந்தியாவுக்கு மிக உயர்ந்த மதிப்பெண் கிடைத்தது குடும்பம், சொந்தக் குழு மீதான பற்றில்தான். அந்தப் பற்றுக்கு வெளியே நிற்பவர்களுக்கு அதே தலைமை எப்படித் தெரியும் என்பதை உங்கள் குழுவில் ஊர்க்காரர் இருவர் இருந்தால் நீங்களும் யோசிக்க வேண்டியிருக்கும். அவர்களோடு தமிழில் சிரித்துப் பேசும்போது மற்ற ஒன்பது பேர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

கிட்டங்கிக்கு நேர் எதிர், தேவகோட்டைக்காரரான உங்களுக்கே நன்றாகத் தெரிந்தது: கண்டதேவித் தேர். ஆனித் திருவிழாவில் உஞ்சனை, செம்பொன்மாரி, இறகுசேரி, தென்னிலை என்ற நாலு நாடுகளின் (ஊர்த் தொகுதிகளின்) தலைவர்களான அம்பலங்களும் வந்து மரியாதை வாங்கி, வடம் பிடித்தால்தான் தேர் நகரும் என்பது பழைய ஏற்பாடு. இங்கே தலைமை என்பது செய்து காட்டும் வேலை இல்லை, பெற்றுக்கொள்ளும் மரியாதை. யாருக்கு முதல் பரிவட்டம், எந்த வடம் யாருக்கு என்பதில்தான் எல்லாம். சிராவயல் மஞ்சுவிரட்டில் நாட்டார்கள் ஊர்வலமாக வந்து தொழுவில் மாட்டுக்குத் துண்டு போர்த்தும் வரை கூட்டம் காத்திருப்பதும் இதே கணக்குத்தான்.

இதையெல்லாம் 'நம் கலாச்சாரம்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் ஒன்றை மறைக்கிறோம். எங்களையும் வடம் தொட விடுங்கள் என்று தலித் மக்கள் கேட்டு, 1990-களின் கடைசியிலிருந்து அது போராட்டம், வழக்கு, நின்றுபோன தேரோட்டம் என்று பல வருஷம் இழுத்தது. அவர்களும் அதே ஊர், அதே கோவில், அதே திருவிழாவில் வளர்ந்தவர்கள். கலாச்சாரம் ஒரே குரலில் பேசியதாக யாராவது சொன்னால், யார் வாய் மூடப்பட்டிருந்தது என்று கேட்பேன். குளோப் ஆய்விலும் இதற்கு ஒரு தடயம் இருக்கிறது. 'உங்கள் சமூகம் எப்படி இருக்கிறது', 'எப்படி இருக்க வேண்டும்' என்று இரண்டு தடவை கேட்டார்கள். அதிகார இடைவெளியில் ஏழுக்கு ஐந்துக்கு மேல் இருப்பதாகச் சொன்ன இந்திய மேலாளர்கள், இருக்க வேண்டியது மூன்றுக்கும் கீழே என்றார்கள். இருப்பதை வைத்து விருப்பத்தை ஊகிக்கக் கூடாது. உங்கள் சென்னைக் குழு உத்தரவுக்குக் காத்திருப்பதால் உத்தரவை ரசிக்கிறார்கள் என்று அர்த்தமில்லை.

மூன்றாவது விதம், புள்ளி. கல்யாணமான நகரத்தார் ஆண் தன் கோவிலில் ஒரு புள்ளி, அதாவது கணக்கில் ஒரு தலை. கோவில் வரி புள்ளிக்கு இவ்வளவு என்றால் கோடீஸ்வரருக்கும் ஏழைக்கும் ஒரே தொகை. வசதியானவர் மேலே நன்கொடை தரலாம், அது வேறு. ஆனால் புள்ளி ஒன்றுதான். நகரத்தார் கூட்டத்தில் ஏழைப் புள்ளி எழுந்து பணக்காரக் காரியக்காரரிடம் செலவுக் கணக்கைக் கேட்டதைச் சிறுவனாக வெளித் திண்ணையிலிருந்து நானே கேட்டிருக்கிறேன். கடையில் அதே பணக்காரருக்கு முன்னால் அவர் துண்டைத் தோளிலிருந்து இறக்கியிருப்பார். ஒரே மனிதர், இரண்டு இடம், இரண்டு 'அதிகார இடைவெளி'. (பெண்கள் புள்ளி இல்லை. ஆனால் செட்டியார் ரங்கூனில் மூன்று வருஷம் இருந்தபோது இங்கே நெல், ஆட்கள், வழக்கு, கல்யாணம் அத்தனையும் நடத்தியது ஆச்சிதான். தலைமை இருந்தும் பெயர் இல்லாத அந்தக் கதைக்குத் தனியாக ஒரு பதில் எழுத வேண்டும்.)

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெரிகிறது. 'தமிழர் மனம்', 'டேனிஷ் மனம்' என்று எதுவும் ஆகாயத்தில் தொங்கவில்லை. யார் யாரிடம் கணக்குக் கேட்கலாம், கேட்டால் என்ன ஆகும் என்ற ஏற்பாடுதான் ஆட்களைத் தைரியமாகவோ பணிவாகவோ ஆக்குகிறது. டென்மார்க்காரர் உங்களிடம் நேரடியாகக் கேட்கிறார் என்றால், அவர் நாட்டில் நடுத்தர நிறுவனத்து ஊழியர்கள்கூடத் தங்கள் பிரதிநிதியை இயக்குநர் குழுவுக்கே அனுப்பலாம் என்று 1973-லேயே சட்டம் வந்துவிட்டது. இப்போது 35 பேர் இருந்தாலே அந்த உரிமை உண்டு. தொழிற்சங்கம் வலுவானது, வேலை போனால் தாங்கிப் பிடிக்க உதவித்தொகை இருக்கிறது. கேட்பதற்கு அவருக்குச் செலவு குறைவு. சென்னையில் இருபத்தாறு வயதுப் பையன் ஒருவனுக்கு, வருடாந்திர மதிப்பீட்டை நீங்கள் ஒருவரே எழுதுகிறீர்கள், வீட்டுக் கடன் ஓடுகிறது. 'நீங்களே முடிவு பண்ணுங்க' என்று நீங்கள் சொல்லும்போது அவன் காதில் விழுவது 'தப்பானால் நீதான்' என்பது. அவன் பயப்படுவதில் தப்பே இல்லை.

அப்புறம் என்ன செய்வது? கோபன்ஹேகன் சுலபம். என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்று சொல்லிவிட்டு, எப்படி என்பதை வாயைத் திறந்து சொல்லாமல் இருங்கள். கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது நம் ஊர்க்காரர்களுக்குக் கஷ்டம்தான், பழகிவிடும்.

சென்னைக்கு, நம் ஊரிலேயே ஒரு வழி இருக்கிறது. ஜே.பி.பி. சின்ஹா என்ற இந்திய உளவியலாளர் 1980 வாக்கில் ஒரு மாதிரியைச் சொன்னார். அன்பாகவும் இருப்பார், வேலையையும் விடமாட்டார், அப்படி ஒரு தலைவர். ஆரம்பத்தில் நெருங்கி நின்று வழிகாட்டி, ஆள் தேறத் தேறப் பொறுப்பை விட்டுக்கொண்டே போய், கடைசியில் கலந்து முடிவெடுக்கும் இடத்துக்கு வருவார். முதல் நாளே எல்லாவற்றையும் விட்டுவிட்டால் நம் சூழலில் அது சுதந்திரமாகத் தெரியாது, கைகழுவலாகத்தான் தெரியும் என்பது அவர் வாதம். அதை வகுப்பில் நடத்தியபோதெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது 'வேறு வைப்பது'.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நகரத்தார் வீட்டில் மகனுக்குக் கல்யாணமானதும் புதுத் தம்பதியை வேறு வைப்பார்கள். அதே பெரிய வீடு, அதே வளவு. ஆனால் அவர்களுக்குத் தனி அறை, தனி அடுப்பு. வருஷத்துக்கு இவ்வளவு நெல், செலவுக்கு இவ்வளவு பணம் என்று அளந்து கொடுத்துவிடுவார்கள். அதற்குள் குடித்தனம் நடத்துவது அவர்கள் பாடு. சண்டை போட்டுப் பிரிவதில்லை இது, வளர்ப்பின் ஒரு படி. அதற்கு முன்னால் மாமியார் கையோடு எல்லாம் காட்டிக் கொடுத்திருப்பார். பிறகு எல்லை தெளிவு: இது உன் நெல், இது உன் அடுப்பு. குறைந்தால் வந்து கேட்கலாம், அவமானம் இல்லை.

சென்னையில் பதினொரு பேரையும் ஒரே நாளில் வேறு வைக்காதீர்கள். தேறிய ஒருவரை எடுங்கள். ஒரு சின்னப் பகுதியை, இவ்வளவு நாள், இவ்வளவு செலவு, இந்த எல்லைக்குள் எடுக்கும் எந்த முடிவுக்கும் மேலிடத்தில் பதில் சொல்வது நான் என்று எழுத்திலேயே கொடுங்கள், சம்பளச் சீட்டு மாதிரி. வாரம் ஒருமுறை கணக்கு, நடுவில் விசாரணை கிடையாது. முதல் தப்பு வரும், அன்றைக்கு நீங்கள் எழுதிக் கொடுத்ததைக் காப்பாற்றுகிறீர்களா என்று மற்ற பத்துப் பேரும் பார்ப்பார்கள்.

அப்பா வேலை பார்த்த வீட்டு ஆச்சி, வேறு வைத்த மருமகள் அடுப்பிலிருந்து காலையில் புகை வருகிறதா என்று மட்டும் முற்றத்திலிருந்து பார்ப்பார். என்ன சமையல் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. ஒரு நாள் ஒன்பது மணியாகியும் புகையைக் காணோம். அன்றைக்கு மட்டும் அந்தப் பக்கம் போய், 'தலைவலியா ஆத்தா' என்று கேட்டார்.